மூஸ் ஊர்ப் பள்ளியும் குழந்தையின் மொழியும்

கார் நிக்கோபாரின் பள்ளிக்கல்வி வரலாற்றில் ஒரு தமிழருக்கும் இடமுண்டு. 1890களில் மூஸ் ஊரில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்னும் மறைப்பணியாளர் அவர். அவர் காலத்தில் பர்மாவுக்குப் படிக்கச் சென்ற நிக்கோபாரியச் சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன், 1912இல் ஆசிரியராக ஊர் திரும்பினார். எழுத்து மரபற்ற தம் தாய்மொழியில் உரோமன் எழுத்தைக் கொண்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினருமானார்.

இன்று அத்தீவுப் பள்ளிகளில் மத்திய வாரியப் பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தை மையச் செயல்வழிக் கற்றலையும் இயன்றவரை தாய்மொழிவழிக் கற்பித்தலையும் அடுத்தடுத்து வைக்கிறது. இவ்விரண்டும் பிரிக்கவியலாதவை. தோணி ஏன் மிதக்கிறது என்று தாய்மொழியில் கேட்டால், கடலோரக் குழந்தை தான் கண்டதிலிருந்து சிந்திக்கும். அறியாத மொழியில் கேட்டால், ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். முன்னது கண்டறிதல், பின்னது சொற்சோதனை.

எதைக் கற்க வேண்டும் என்பதைத் தேசியப் பாடத்திட்டம் வகுக்கட்டும். கேள்வி எம்மொழியில் எழ வேண்டும் என்பதைக் குழந்தையிடமிருந்தே தொடங்க வேண்டும். அதற்கான எழுத்து நிக்கோபாரியத்தில் ஒரு நூற்றாண்டாக இருக்கிறது.