வெருகலின் உணவும் தொலைவிடச் சந்தையும்

ஓர் ஊரில் விளைந்தது அவ்வூரிலேயே உண்ணப்படல் வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் உலகின் பல பாகங்களிலும் வலுப்பெற்றுள்ளது. 1986 இல் இத்தாலியில் கார்லோ பெத்ரினி முதலானோர் தொடங்கிய இயக்கம் வட்டார உணவுகளையும் அவற்றை ஆக்குவோரையும் காக்க முற்பட்டது. 2005 இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் சிலர் நூறு மைல் வட்டத்துள் விளைந்தவற்றையே உண்பதென உறுதிபூண்டனர். இன்றோ, கைத்தொழிலாக ஆக்கப்படும் உணவுப்பொருள்களை இணையவழியே எத்தொலைவிலிருந்தும் பெறலாம். இவ்விரு போக்குகளும் தம்முள் இயையுமா என்பதை வெருகற் பிரதேசத்தை முன்வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாவலி கங்கையின் கிளையொன்று வெருகலாறு என்னும் பெயருடன் கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ளது வெருகல். சித்திரவேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற இப்பிரதேசம் திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்தது. ஒருபால் கடல், ஒருபால் காடு, இடையே வயல். மீன், தேன், நெல், எருமைத் தயிர் என்பன இந்நிலவமைப்பின் பேறுகள். கிழக்குக் கரையோர வேடர் மீன்பிடித்தலையும் மேற்கொண்டிருந்தமையைச் செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூல் காட்டும்.

இத்தகைய நிலங்களில் உணவு ஒருபோதும் ஓரிடத்தே அடங்கிக் கிடந்ததில்லை. தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெற்ற பண்டமாற்றைப் பொருநராற்றுப்படை கூறும். காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளிற் குவிந்த பண்டங்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை எண்ணும். ஆகவே, தொலைவு என்பது தமிழர் உணவு மரபுக்குப் புறம்பானதன்று.

எனின், தீங்கு யாண்டுளது? இதற்கு விடை கொட்டியாரக் குடாவின் வரலாற்றிலுண்டு. 1660 இல் ரொபேட் நொக்ஸ் சிறைப்பிடிக்கப்பட்ட இக்குடா, கண்டி இராச்சியம் கடலை அடையும் வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. உப்பும் கருவாடும் உள்நாடு சென்றன. பாக்கு முதலியன வெளியேறின. அதே தசாப்தத்தில் ஒல்லாந்தர் கிழக்குத் துறைகளைக் கைக்கொள்ளத் தலைப்பட்டனர்; 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் அவர்வசமாயிற்று. உப்புக்கும் கண்டி மன்னன் அவர்தம் இசைவை வேண்டி நின்றான். பண்டம் நெடுந்தூரம் சென்றமையன்று, அது செல்லும் வாயில் ஒருவர் கையில் ஒடுங்கியமையே கேடு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையாலும் 2006 இல் நேர்ந்த போர் இடப்பெயர்வாலும் இப்பிரதேச மக்கள் பேரிழப்புற்றனர். பாதைப்படகுகளை நம்பியிருந்த கரையோர வீதியிற் போருக்குப் பின்னர் பாலங்கள் எழுந்தன. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. வெளிச்சந்தை அணித்தாயிற்று. எனினும் எல்லாப் பண்டமும் ஒருதன்மையனவல்ல. சட்டித் தயிர் சில நாளிற் புளித்துவிடும். அது உள்ளூர்க்கும் அயலூர்க்கும் உரியது. தேனும் கருவாடும் நெடுநாள் நிற்பன. கொழும்புக்கும், புலம்பெயர்ந்தோர் வாழும் தொலைநகரங்களுக்கும் செல்லவல்லன.

ஆதலின், இணையவழி வாணிகத்தை அளக்கும் கோல் மைற்கணக்கன்று. உள்ளூரார் உண்டு எஞ்சியது விற்கப்படுகின்றதா? எடுத்தவன் ஊரும் பெயரும் பண்டத்தொடு செல்கின்றனவா? விலையின் பெரும்பங்கு அவனைச் சேர்கின்றதா? இம்மூன்றும் அமையின் அவ்வாணிகம் பழைய பண்டமாற்றின் தொடர்ச்சியேயாம். அமையாவிடின், வெருகல் என்னும் பெயர் போத்தலில் ஒட்டிய வெறுஞ்சீட்டாகும். துறைமுகத்திலிருந்த பூட்டு கணினித் திரைக்கு இடம்பெயர்ந்ததன்றி வேறெதுவும் மாறியதாகாது.