மூணு மாசக் கணக்கு

2013இல் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சரக்கோடு வரும் கண்டெய்னரின் கதவில் எண் போட்ட சீல் ஒன்று தொங்கும். கதவைத் திறந்தால் புது சீல் வேண்டும். மூணு மாசம் ஆச்சுன்னு யாரும் அதை வெட்டி மாற்றுவதில்லை.

பாஸ்வேர்டுக்கு மட்டும் அந்தக் கணக்கு எப்படி வந்தது? 2003இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக பில் பர் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, எண், குறியீடு, அவ்வப்போது மாற்றம் எல்லாம் அதிலிருந்து அலுவலகங்களுக்குப் பரவின. மனுஷங்க என்ன செய்வாங்க? கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவாங்க. திருடனுக்கு அது வேலையே இல்லை.

2017 ஜூனில் நிஸ்ட் அந்த விதியைக் கைவிட்டது: கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னால் போதும். தன் அறிவுரைக்காக வருந்துவதாக பர்ரும் அதே ஆண்டு சொன்னார்.

அதே ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தை முடக்கியது. அது பரவிய வழிகளில் ஒன்று, ஒரு கணினியின் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டை எடுத்து அடுத்த கணினிகளைத் திறப்பது. நேற்றுதான் மாற்றிய பாஸ்வேர்டு என்றாலும் அதற்குக் கவலையில்லை. ஒரே சாவி எத்தனை கதவைத் திறக்கும் என்பதுதான் சேதத்தின் அளவு.

ஆகவே நாள்காட்டியைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தனி பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள்.