நிசேக்கோ பனிமலை: முதன்முறை போகும் குடும்பம் எதைப் பார்க்க வேண்டும்?

பனிச்சறுக்கு மலை என்றாலே மேகத்தைத் தொடும் சிகரம் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஜப்பானின் ஹொக்காய்டோ தீவிலுள்ள நிசேக்கோ அந்த எண்ணத்துக்குள் அடங்காது. அங்கு மக்கள் சறுக்கி இறங்கும் அன்னுப்புரி மலையின் உயரம் 1,308 மீட்டர்தான். நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் அதைவிட ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் கம்பிவட வண்டி 3,800 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. காஷ்மீரின் குல்மார்க்கில் ஊரே 2,600 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. இருந்தும் ஆஸ்திரேலியா, ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா என்று பல நாட்டவரும் ஆண்டுதோறும் இந்தக் குட்டை மலையைத் தேடிப் போகிறார்கள். மலையடிவாரத்தின் நான்கு சறுக்குத் தளங்களுள் ஒன்றான நிசேக்கோ வில்லேஜை மலேசியாவின் ஒய்டிஎல் குழுமம் 2010ஆம் ஆண்டில் வாங்கியது. மற்ற மூன்றும் ஹிராஃபு, ஹனசோனோ, அன்னுப்புரி.

அந்த மலையின் சிறப்பு அதில் விழும் பனி. ஒரு பருவத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் பனி அங்கு கொட்டுகிறது. சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொக்காய்டோவின் மலைகளில் மோதியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. இந்தக் காற்று நமக்கும் அந்நியமன்று. ஆண்டிறுதியில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்றின் வீச்சு தென்சீனக் கடல் வரை வரும்போதுதான் கிளந்தான், திரெங்கானு, ஜொகூர் ஆகிய மாநிலங்களில் அடைமழை வலுக்கிறது. இங்கே வெள்ளம், அங்கே வெண்பனி.

ஹொக்காய்டோவின் கடுங்குளிரில் விழும் பனியில் நீர் குறைவு. கையில் அள்ளினால் மாவுபோல் உதிரும். உருண்டை பிடிக்க வராது. விழுந்தாலும் அடி அவ்வளவாகப் படாது. பகலில் உருகி இரவில் கண்ணாடிபோல் இறுகிவிடும் மலைகளில் முதன்முறை சறுக்குபவர் படும் பாட்டை நினைத்தால், இதன் அருமை புரியும்.

ஆனால், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விளம்பரப் படங்களில் இடுப்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு ஒருவர் பாய்ந்து வருவாரே, அது பல ஆண்டுப் பயிற்சி. முதல் மூன்று நாள்களும் நம் குடும்பம் அடிவாரத்தில், கால்பந்துத் திடல் அளவே உள்ள சரிவான இடத்தில்தான் இருக்கும். ஆகவே, சுற்றுலா நிறுவனம் ‘இத்தனை கிலோமீட்டர் பாதை, இத்தனை மின்தூக்கிகள்’ என்று அடுக்கினால் மயங்க வேண்டாம். தொடக்கநிலைச் சரிவு எவ்வளவு அகலம், அதன் சாய்வு எவ்வளவு மென்மை, மேலே ஏற நகரும் பட்டை உண்டா, பயிற்சியாளர் ஆங்கிலம் பேசுவாரா, பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். நிசேக்கோவுக்குப் போகும் செலவை நியாயப்படுத்துவது இந்த விடைகள்தான். ஜப்பானின் சிறிய சறுக்குத் தளங்கள் பலவற்றில் ஜப்பானிய மொழியில் மட்டுமே வகுப்பு நடக்கும். நிசேக்கோவில் ஆங்கிலத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஜப்பானில் சறுக்குப் பாதைகளுக்குப் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நிறம் தருகிறார்கள். பச்சை தொடக்கநிலை. சிவப்பு நடுநிலை என்றாலும், இரண்டாம் நாளே அதில் கால்வைப்பது வீண் துணிச்சல். பயிற்சியாளர் தலையசைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செலவில் மிச்சம் பிடிக்கும் வழியும் இங்கேதான் இருக்கிறது. நான்கு தளங்களுக்கும் சேர்த்துத் தரும் ஒருநாள் அனுமதிச் சீட்டு, பெரியவருக்கு 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. தொடக்கநிலைச் சரிவை விட்டு நகராதவருக்கு அது எதற்கு? ஒரே தளத்துக்கான சீட்டோ சில மணி நேரச் சீட்டோ போதும். மிச்சமாகும் பணத்தை வகுப்புக்குப் போடலாம். தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கொடுப்பார் என்று வகுப்பைத் தவிர்ப்பது தவறான சிக்கனம். பலகையை ‘வி’ வடிவில் வைத்து நிற்கத் தெரியாதவர், தமக்கு மட்டுமல்ல, கீழே நிற்கும் குழந்தைக்கும் ஆபத்து.

உடையையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நீர் புகாத மேலங்கி, காற்சட்டை, காலணி, தலைக்கவசம் எல்லாமே அங்கு வாடகைக்குக் கிடைக்கும். உள்ளுடை, கையுறை, காலுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம்; ஈரமானால் அது குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம்.

எந்த மாதம் போகலாம்?

நம் வீடுகளில் பொங்கல் பானை பொங்கும் நாள்களில் அங்கே பனி உச்சத்தில் கொட்டும். தேர்ந்த சறுக்காளர்கள் ஜனவரிக்காகக் காத்திருக்கிறார்கள். முதன்முறை செல்வோருக்கு அதைப் பரிந்துரைப்பது கடினம். வெயிலைக் காண்பதே அரிது, பத்தடிக்கு அப்பால் தெரியாத நாள்கள் உண்டு, பிள்ளைகள் அரைமணியில் அழத் தொடங்கிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் தொடங்கி சீனப் புத்தாண்டு வரை விடுதிக் கட்டணமும் எகிறி நிற்கும். டிசம்பர் முதல் வாரத்தில் விலை குறைவாக இருக்கலாம். அடிவாரத்தில் போதிய பனி சேர்ந்திருக்கும் என்ற உறுதி இல்லை.

பிப்ரவரி இறுதியும் மார்ச் மாதமும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. பனி இருக்கும், குளிர் சற்றுத் தணிந்திருக்கும், எதிரே 1,898 மீட்டர் உயர யோத்தேய் எரிமலை, ஃபூஜி மலையின் தம்பிபோல் முழு உருவம் காட்டும் நாள்களும் கூடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் மார்ச் விடுமுறை இதற்குத் தோதாக அமைகிறது.

சறுக்காத பாட்டியும் சைவச் சாப்பாடும்

நம் குடும்பங்கள் நால்வராகப் போவதில்லை. பாட்டியோ பெரியம்மாவோ உடன் வருவார்கள். காலையிலிருந்து மாலைவரை அவர்கள் அறைக்குள் அடைந்து கிடந்தால் பயணம் யாருக்கும் இனிக்காது. ஹனசோனோவில் காற்றடைத்த வளையத்தில் அமர்ந்து சறுக்கும் விளையாட்டு உண்டு. பனிக்காலணி கட்டி மெல்ல நடப்பதையும் வழிகாட்டியோடு முயலலாம். எரிமலை மண் என்பதால் வெந்நீர் ஊற்றுகளுக்குக் குறைவில்லை. மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தக் குளியல் பிடித்துப்போகும். ஆனால், ஆண் பெண் தனித்தனி என்றாலும் பொதுக் குளத்தில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். கூச்சப்படுவோர், குடும்பத்துக்கென ஒதுக்கித் தரும் தனிக்குளம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். பச்சை குத்தியவர்களைப் பல குளியலிடங்கள் அனுமதிப்பதில்லை.

சைவம் உண்போருக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும் மீன் கொதித்த நீர் இருக்கும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமே அதுதான். சமையலறை உள்ள அடுக்குமாடி விடுதியாகப் பார்ப்பது நல்லது. அரிசியும் காய்கறியும் பக்கத்து ஊரான குட்சானின் பேரங்காடியில் கிடைக்கும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடியைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அசைவக் குடும்பங்கள் இறைச்சி செருண்டிங், கோழி ஊறுகாய் போன்றவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும். இறைச்சி சேர்ந்த பொருள்களைக் கொண்டுவர ஜப்பான் அனுமதிப்பதில்லை. விமான நிலையத்திலேயே பிடிபடும்.

கயிற்றுக்கு அப்பால்

நிசேக்கோவில் தெரிந்துகொண்டே ஆகவேண்டியது ‘நிசேக்கோ விதி’. சறுக்குத் தள எல்லைக்கு வெளியே பனிச்சரிவில் புதையுண்டு பலர் இறந்த பின்னர் உருவானது இது. எல்லைக்கு வெளியே செல்ல விரும்புவோர் குறிப்பிட்ட வாயில்கள் வழியாகவே செல்ல வேண்டும். காலையில் பனியின் நிலையைச் சோதித்து வாயில்களைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறார்கள். வாயில் மூடியிருந்தால் எவருக்கும் விதிவிலக்கில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தால் அனுமதிச் சீட்டு பறிபோகும். யுனொசாவா என்ற பள்ளத்தாக்கு எப்போதுமே தடைசெய்யப்பட்ட இடம். வெளியே சிக்கியவரைத் தேடி மீட்கும் செலவும் அவர் தலையில்தான் விழும். கயிற்றுக்கு அந்தப்புறம் பனி இன்னும் அழகாகத் தெரியும். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பயணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

பயணக் காப்புறுதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணத் திட்டங்கள் சிலவற்றில் பனிச்சறுக்குக் காயம் சேராது. சேர்த்திருப்பவற்றிலும் ‘குறிக்கப்பட்ட பாதைக்குள் மட்டும்’ என்ற வரி இருக்கலாம். முழங்கால் சவ்வு கிழிந்தால் ஜப்பானிய மருத்துவமனைக் கட்டணம் நம் சேமிப்பைக் கரைத்துவிடும். காப்புறுதி முகவரிடம் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

ஹொக்காய்டோவின் புதிய சித்தோசே விமான நிலையத்திலிருந்து நிசேக்கோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஜப்பானிலும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள் என்று வாடகைக் கார் எடுக்கும் ஆசை வரும். உறைந்த சாலையில் பிரேக் போட்டுப் பழகாத கைக்கு அந்தச் சோதனை வேண்டாம். பேருந்து இருக்கைகள் உச்சப் பருவத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் விமானச் சீட்டோடு அதையும் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.