ஞாயிறு என்னும் பள்ளிக்கூடம்

சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காதால் அறியப்படும் நாள். மற்ற ஆறு நாளும் கருக்கலில் வந்து நின்று ஊரை எழுப்பும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அன்று வராது. (தொழிற்சாலை என்ற சொல் எங்கள் பக்கம் புழங்குவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்பதே வழக்கு.) சனிக்கிழமை மாலை வாரக்கூலி வாங்கி வந்த ஊர், மறுநாள் நன்றாக விடிந்த பிறகே கண்விழிக்கும். அந்த அமைதியின் நடுவே சபையின் மணி ஒலிக்கும். சிறுவர்களும் சிறுமிகளும் தலைவாரிக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிக்குப் போவார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். 1980களின் இறுதி அது. எனக்கு எட்டு ஒன்பது வயது, அவருக்குப் பதினான்கு இருக்கலாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். ஆறு நாளும் தீக்குச்சி அடுக்குவார், ஏழாம் நாள் ஓய்வுநாள் பள்ளிக்குப் போவார். மனப்பாட வசனம் அச்சிட்ட சிறு அட்டையை மாலையில் திண்ணையில் அமர்ந்து விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். நாளடைவில் வேதாகமத்தையே தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கினார். ஆனால் ஆபீசில் கூலி வாங்கும்போது கைநாட்டுத்தான் வைத்தார். "வாசிக்கத்தான் தெரியும் தம்பி, எழுதக் கை வராது" என்று ஒருநாள் சொன்னார். வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு எழுதத் தெரியாமல் இருப்பது எப்படி என்ற திகைப்பு எனக்கு அன்று ஏற்பட்டது. அதற்கான விளக்கத்தைப் பல ஆண்டுகள் கழித்து, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், இங்கிலாந்தின் சமூக வரலாற்றில் கண்டேன்.

ஞாயிற்றுப் பள்ளி இயக்கத்தின் தொடக்கமாகப் பெரும்பாலும் குறிக்கப்படுவது 1780ஆம் ஆண்டு. இடம் குளோஸ்டர் நகரம். அங்கே குண்டூசி செய்வது முக்கியமான தொழில். சிறுவர்கள் ஆறு நாளும் அப்பட்டறைகளில் வேலை செய்து, ஞாயிறன்று தெருக்களில் திரிந்தனர். உள்ளூர் செய்தித்தாள் ஒன்றின் உரிமையாளரான ராபர்ட் ரெய்க்ஸ், அவர்களுக்கென அந்த ஒரு நாளில் பள்ளி நடத்த ஏற்பாடு செய்தார். இன்று நாம் நினைப்பதுபோல அது சமய வகுப்பு மட்டும் அன்று. முதற்பாடம் எழுத்துக்கூட்டி வாசித்தல். வேதாகமமே வாசிப்பு நூல். 1831 வாக்கில் பிரிட்டனில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இத்தகைய பள்ளிகளில் பயின்றதாகக் கணக்கிடப்படுகிறது. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பின் எழுத்தறிவிக்கும் பொறுப்பு அன்றாடப் பள்ளிகளுக்குப் போயிற்று. ஞாயிற்றுப் பள்ளியிடம் சமயம் மட்டும் எஞ்சியது.

இதில் ஒரு சர்ச்சை கவனத்துக்குரியது. ஞாயிறன்று வாசிக்கக் கற்பிக்கலாம், எழுதக் கற்பிக்கலாமா? மெதடிஸ்டு சபையின் தலைவர்கள் சிலர் கூடாது என்றனர். வாசிப்பது வேதத்தை அறிவதற்கு. எழுதுவதோ உலகியல் தொழிலுக்கு உதவுவது. ஆகவே எழுத்துப்பயிற்சி ஓய்வுநாளை மீறும் செயல் என்பது அவர்கள் வாதம். வாசிப்பும் எழுத்தும் ஒரே கல்வியின் இரு கைகள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இச்செய்தி எங்கள் தெரு அக்காவை நினைவூட்டியது. எங்கள் ஊரில் அப்படியொரு தடை இருந்ததில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பில் எழுதப் பழக நேரமில்லை, அவ்வளவே. காரணம் வேறாயினும் கைநாட்டு ஒன்றுதான்.

தமிழில் கிறித்தவப் பாடவகுப்பின் வரலாறு குளோஸ்டருக்கு இருநூறு ஆண்டுகள் மூத்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிறுவர்களை அழைத்துச் செபங்களைக் கற்பித்தார். கற்ற பிள்ளைகள் வீடு சென்று பெற்றோருக்குக் கற்பித்தனர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகிய இரண்டும் ஞானோபதேச நூல்களே. பின்னது ஆசானும் மாணாக்கனும் உரையாடும் வடிவில் அமைந்தது. ஆக, இந்திய மண்ணில் தமிழ் அச்சேறியதே வகுப்பறைப் பாடமாகத்தான். வினாவும் விடையும் மனப்பாடமும் நம் திண்ணைப் பள்ளிகளுக்கும் அந்நியமானவை அல்ல. ஆத்திசூடியை உருப்போட்ட காதுக்கு மனப்பாட வசனம் புதிதாக ஒலித்திருக்காது.

கடற்கரையிலிருந்து கரிசல் காட்டுக்கு இம்முறை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், சபை தோன்றிய ஊர்களில் பள்ளியையும் உபதேசியாரையும் ஏற்படுத்தும் முறையை வளர்த்தார். அன்று திருநெல்வேலியின் வடபகுதியாக இருந்த சிவகாசிச் சீமையில் 1854இல் ராக்லாந்து, டேவிட் ஃபென், மெடோஸ் ஆகிய மூவர் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் செல்லும் பணியைத் தொடங்கினர். ராக்லாந்து கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கியவர். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே இறந்தார். நிலைத்து நின்ற பணி உபதேசியார்களுடையது. அவர்களிடம் பாடம் மூன்று அடுக்காக இருந்தது. சிறுவர்க்கு எழுத்தும் கதையும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் திடப்படுத்தலுக்கு முந்தைய உபதேசம். பனையேறிவிட்டும் காட்டுவேலை முடித்தும் வந்த பெரியவர்களுக்கு மாலையில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லவைக்கும் வாய்ப்பாடம். பாட்டியும் பேத்தியும் ஒரே பாடத்தைப் படித்த பள்ளி அது. சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தில் பள்ளிகள் எழுந்தன.

இங்கே வரிசை இங்கிலாந்துக்கு நேர்மாறானது என்பதைக் காண வேண்டும். குளோஸ்டரில் ஞாயிற்றுப் பள்ளி முந்தியது, அன்றாடப் பள்ளி பிந்தியது. நம் பக்கத்தில் உபதேசியாரின் அன்றாடப் பள்ளி முந்தியது. கிறித்தவர் அல்லாதாரும் வாளாவிருக்கவில்லை. விருதுபட்டி என்று அன்று வழங்கிய விருதுநகரில் நாடார் மகமையினர் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து நடத்திய பள்ளி அது. தெற்கே திருநெல்வேலிச் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்த பெண்களின் கை, சமயம் எதுவாயினும், ஒன்றுதான்.

அந்த வித்தியாசாலையில் படித்த காமராசர் ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதை நாம் அறிவோம். பிற்காலத்தில் பள்ளியில் மதிய உணவு வழங்கிய முதல்வரும் ஒரு காலத்தில் வேலைக்குப் போன சிறுவரே. அதே விருதுநகர்ச் சீமையில் நிகழ்ந்த மற்றொன்று இதற்கு முரணானது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, திரும்பி வந்து 1923இல் சிவகாசியில் அதை நிறுவினர். மழை பொய்த்த மண்ணுக்கு அத்தொழில் சோறிட்டது. சிறுவிரல்களையும் அதுவே கேட்டது. 1980களில் இப்பகுதியில் வேலை செய்த குழந்தைகள் 45 ஆயிரம் என்ற எண் ஆய்வுகளிலும் இதழ்களிலும் பரவலாகக் குறிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிறுமியர். 1780இன் குளோஸ்டர் இருநூறு ஆண்டு கழித்துக் கரிசலில் மறுபடி பிறந்ததுபோல் இருந்தது.

இந்நிலையில் ஓய்வுநாள் பள்ளி என்ன செய்தது? இங்கிலாந்தின் ஞாயிற்றுப் பள்ளிகளைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இரு கருத்துகள் உண்டு. தொழிற்சாலைக்கு ஏற்ற பணிவையும் நேரக் கட்டுப்பாட்டையும் குழந்தைகளிடம் பதியவைத்த இடங்கள் அவை என்று ஈ.பி. தாம்சன் 1963இல் வெளியான தம் பெருநூலில் கடுமையாக எழுதினார். உழைப்பாளர் தாமே நடத்தி, தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவை ஈட்டித் தந்த நிறுவனங்கள் அவை என்று தாமஸ் லாக்கர் 1976இல் மறுத்தார். என் தெருவைக் கொண்டு பார்க்கையில் இருவர் சொல்வதும் மெய்யாகப் படுகிறது. பொறுமையையும் கீழ்ப்படிதலையும் போதித்த வகுப்பில், விடியுமுன் வரும் வண்டியைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. ஆறு நாளைக் கேள்வி கேளாத ஏழாம் நாள் அது. எனினும் அந்தச் சிறுமிக்கு வாரம் முழுவதும் "நீ எத்தனை கட்டை முடித்தாய்?" என்று கேட்காத ஒரே இடமும் அதுதான். பெயர் சொல்லி அழைத்து, கதை சொல்லி, பாட்டுப் பாடவைத்து, கையில் எழுத்தைக் கொடுத்தனுப்பிய இடம்.

மாற்றம் பல திசைகளிலிருந்து வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988இல் சிவகாசியையும் உள்ளிட்டுத் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அன்றாடப் பள்ளி பிள்ளைகளை மீட்டுக்கொண்டது. ஓய்வுநாள் பள்ளியும் எழுத்தறிவிக்கும் சுமையிலிருந்து விடுபட்டு, கதைக்கும் பாட்டுக்கும் வசனத்துக்கும் திரும்பியது. கோடை விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் ஆரவாரத்தைக் கேட்கும்போது, இப்பிள்ளைகளுக்கு விடுமுறை என்று ஒன்று இருக்கிறதே என்ற மகிழ்ச்சிதான் எனக்கு முதலில் எழுகிறது. வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஏது விடுமுறை?

ஒரு சமய வகுப்பு சமய வகுப்பாக மட்டும் இருக்க முடிவதற்கு, அதற்கு வெளியே ஒரு சமூகம் தன் கடமையைச் செய்திருக்க வேண்டும். செய்யாதபோது அந்தக் கடமை ஞாயிற்றுக்கிழமையின் ஒரு மணி நேரத்தில் வந்து குந்திக்கொள்கிறது. அதைச் சுமந்ததற்காக அந்த வகுப்புகளுக்கு நன்றி சொல்லலாம். சுமக்கவைத்ததற்காக நாம் நாணவும் வேண்டும்.

அக்கா எழுதக் கற்றது 1990களின் அறிவொளி இயக்க வகுப்பில். இரவில், தெருவிளக்கின் கீழ், பலகையில் தம் பெயரை எழுதிக்காட்டினார். வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் மற்றவர்களைவிட விரைவாகவே எழுத்துகள் வசப்பட்டன. பெயரை எழுதி முடித்ததும் அதன் கீழே, யாரும் சொல்லாமலே, அட்டையில் படித்த ஒரு வசனத்தையும் எழுதினார். ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. அறிவொளித் தொண்டர் அதைத் திருத்தவில்லை.