பெயரைப் பறிகொடுத்த கிழங்கு

ஆங்கிலத்தில் 'பொட்டேட்டோ' என்றால் முதலில் உருளைக்கிழங்கு இல்லை. அந்தப் பெயருக்கு உரிமைக்காரன் வேறொரு கிழங்கு.

1492இல் கொலம்பஸின் கப்பல்கள் கரீபியத் தீவுகளை அடைந்தபோது, அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் மண்ணை மேடாகக் குவித்து ஒரு கொடியைப் பயிரிட்டுவந்தார்கள். அதன் கிழங்கை 'பத்தாத்தா' என்றார்கள். நம் சர்க்கரைவள்ளிதான் அது. தித்திப்பில் மயங்கிய ஸ்பானியர்கள் கிழங்கையும் பெயரையும் சேர்த்தே ஊருக்குக் கொண்டுபோனார்கள். தெற்கே மாலகா பக்கத்து வெயில் அதற்கு ஒத்துக்கொண்டது. இங்கிலாந்தின் குளிருக்கு அது வரவில்லை. அதனால் அங்கே பணக்காரர்கள் தருவித்துத் தின்னும் பண்டமாயிற்று. கூடவே, காம இச்சையைக் கிளப்பும் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் 'வின்ட்சரின் உல்லாச மனைவிகள்' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் காதல் வேகத்தில் பொட்டேட்டோவை அழைப்பது இதனால்தான். உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த இடத்தில் சிரிப்பே வராது.

உருளைக்கிழங்கு வந்த வழி வேறு. ஆண்டிஸ் மலையில், டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய பகுதியில், பல ஆயிரம் ஆண்டுகளாக அதைப் பயிரிட்டவர்கள் கெச்சுவா மொழியில் வைத்த பெயர் 'பாப்பா'. இரவின் உறைபனியில் கிடத்தி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து 'சுன்யோ' என்ற வற்றலாக்கி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். பெரு நாட்டை வளைத்துப் போட்ட ஸ்பானியர்கள் இந்தக் கிழங்கைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான சியெசா தெ லியோன் 1553இல் செவில் நகரில் அச்சேற்றிய வரலாற்று நூலில் பாப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். 1573இல் அதே செவில் நகரத்து மருத்துவமனைக் கணக்கில் இதை வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. நோயாளிகளின் சாப்பாட்டுக்கு வாங்கியது, விருந்துக்கு அல்ல.

ஸ்பெயினில் இரண்டு கிழங்குகளும் ஒரே நாட்டுக்குள் புழங்க, இரண்டு பெயர்களும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தது. அதையும் தமிழில் 'பத்தாத்தா' என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது! நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பகரம். 'பஸ்'ஸில் வரும் ப போட்டால் சர்க்கரைவள்ளி, 'பட்டு'வில் வரும் ப போட்டால் உருளைக்கிழங்கு. ஸ்பானிய அகராதியே பின்னதை, பாப்பாவும் முன்னதும் கலந்த சொல் என்று விளக்குகிறது. பாப்பா என்றால் ஸ்பானியத்தில் போப்பாண்டவருக்கும் பெயர் என்பதால், கத்தோலிக்க ஸ்பெயின் கிழங்குக்கு அந்தப் பெயரைத் தவிர்த்தது என்றொரு கதை உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்தியில் சளைக்காத லத்தீன் அமெரிக்கா இன்றும் 'பாப்பா' என்றுதான் சொல்கிறது. ஆண்பால் போட்டால் போப், பெண்பால் போட்டால் கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் அப்பா. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் குழப்பத்தை அச்சில் ஏற்றியவர் ஜான் ஜெரார்டு. 1597இல் வெளியான அவருடைய மூலிகை நூலின் முகப்பில் உருளைக்கிழங்குச் செடியின் பூங்கொத்தைக் கையில் பிடித்தபடி இருக்கிறார். உள்ளே அதற்கு அவர் இட்ட பெயர் 'வர்ஜீனியாவின் பொட்டேட்டோ'. வர்ஜீனியாவில் அப்போது அந்தச் செடியே கிடையாது. சர்க்கரைவள்ளியை அவர் 'சாதாரண பொட்டேட்டோ' என்கிறார். அவர் காலத்தில் எது அசல், எது புதிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு மலைக்கிழங்கு குளிரிலும் மழையிலும் நன்றாக விளைந்து ஏழையின் தட்டை நிரப்பியது. அன்றாடம் சொல்லப்படுகிறவனுக்கே பெயர் சொந்தமாகிவிடுகிறது; பழைய உரிமைக்காரன் 'ஸ்வீட்' என்ற அடைமொழியோடுதான் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஜெர்மானியர் இந்தச் சண்டையில் இறங்கவே இல்லை; மண்ணுக்கடியில் விளையும் காளானுக்கு இத்தாலியர் வைத்திருந்த பெயரிலிருந்து 'கார்ட்டோஃபெல்' செய்துகொண்டார்கள்.

'பொட்டேட்டோ' என்ற ஆங்கிலச் சொல்லை ஸ்பானியத்தில் சொல்ல, இன்று கேட்பவர் எந்த ஊர் என்று தெரியவேண்டும். மாட்ரிட்டில் வறுவலுக்கு ஒரு பெயர், லிமாவில் வேறு. சர்க்கரைவள்ளியோ மெக்சிகோவிலும் பெருவிலும் 'கமோத்தே', ஸ்பெயினில் ஊரைப் பொறுத்து 'போனியாத்தோ'. கமோத்தே, நாவாட்டல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மெக்சிகோவின் அக்காபுல்கோவிலிருந்து மணிலா போன கப்பல்கள் வழியே பிலிப்பைன்ஸிலும் அதுவே நிலைத்தது. பேச்சுவழக்கு இன்னும் தூரம் போய்விட்டது. 'ஒரு பாப்பாகூடத் தெரியாது' என்றால் ஒன்றுமே தெரியாது என்று பொருள். ஸ்பெயினில் உதவாத பொருளை உருளைக்கிழங்கு என்பார்கள். அங்கே படம் பிடிப்பவர் எல்லாரையும் சிரிக்கச் சொல்வதும் அந்தச் சொல்லைச் சொல்லவைத்துத்தான்.

நம் பக்கத்துக்குச் சரக்கை இறக்கியவர்கள் போர்ச்சுகீசியர். அவர்கள் வாயிலும் 'பத்தாத்தா'வின் பொருள் மெல்ல மாறியது: முதலில் சர்க்கரைவள்ளி, பின்னால் உருளைக்கிழங்கு. இலங்கையில் சிங்களத்தின் 'பத்தல' இன்றும் சர்க்கரைவள்ளிதான். யாழ்ப்பாணத்தார் 'வற்றாளைக் கிழங்கு' என்பதும் அதையே. மராத்தியர்கள் அந்தச் சொல்லை 'பட்டாட்டா' என்று நாக்கை மடித்துச் சொன்னார்கள். மும்பைத் தெருவில் அந்தப் பெயரில் விற்கும் வடைக்குள் இருப்பது உருளைக்கிழங்கு மசியல்.