மவுஸின் நடுப் பொத்தானுக்கு என்ன நடந்தது?

விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றது. புதுக் கணினி வாங்க வசதியில்லாதவர்கள் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். தெல்லிப்பழையில் எங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்களிலும் சிலர் மாறியிருக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் முன்பே லினக்ஸ் பாவித்துப் பழகிய சிலரிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "சேர், முந்தி எழுத்தைத் தெரிவு செய்துபோட்டு மவுஸின்ர நடுச் சில்லை அமத்தினால் அப்பிடியே விழும். இப்ப சில இடத்தில விழுது, சில இடத்தில விழுதில்லை. மவுஸ் பழுதோ?"

மவுஸ் பழுதில்லை. இதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

வெட்டு, கொப்பி, பேஸ்ட் என்று நாங்கள் இன்று பாவிக்கும் முறை 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் உருவானது. லரி டெஸ்லரும் டிம் மொட்டும் செய்த ஜிப்ஸி என்ற எழுத்துச் செயலியில் அது முதலில் உருப்பெற்றது. டெஸ்லர் பிறகு அப்பிளுக்குப் போனார், முறையும் அவரோடு போனது. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி எல்லாம் அந்த வழியில் வந்தவை.

நடுப் பொத்தான் வேறு வீட்டுப் பிள்ளை. 1984 ஜூனில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொப் ஷைஃப்லர் எக்ஸ் என்ற திரை முறைமையை அறிவித்தார். ஸ்டான்போர்டில் இருந்து வந்த டபிள்யூ என்ற முறைமையைத் திருத்தி எழுதியதால் அடுத்த எழுத்தைப் பெயராக வைத்தார்கள். (மசாசூசெட்ஸ் எங்கள் ஊருக்கு அந்நியமில்லை. 1816 இல் தெல்லிப்பழையில் பாடசாலை தொடங்கிய டானியல் பூவர் அந்த மாநிலத்தில் பிறந்தவர்தான்.) 1987 செப்டெம்பரில் எக்ஸின் பதினோராவது பதிப்பு வந்தது. பின்னாளில் வந்த லினக்ஸ் கணினிகளின் திரையை மிக நீண்ட காலம் தாங்கியது அந்தப் பதிப்புத்தான்.

அன்றைய யுனிக்ஸ் கணினிகளில் மவுஸுக்கு மூன்று பொத்தான். இடது பொத்தானால் எழுத்தைத் தெரிவு செய்ய வேண்டும், நடுப் பொத்தானை அமத்தினால் அது விழும். கொப்பி என்று ஒரு கட்டளையே தேவையில்லை. உண்மையில் தெரிவு செய்யும்போது எதுவும் பிரதி எடுக்கப்படுவதும் இல்லை. "இந்தத் தெரிவு என்னிடம் இருக்கிறது" என்று அந்தச் செயலி எக்ஸிடம் பெயர் பதிந்துவிட்டுச் சும்மா இருக்கும். நீங்கள் இன்னொரு இடத்தில் நடுப் பொத்தானை அமத்தியதும், அந்த இடத்துச் செயலி பதிவைப் பார்த்து உரியவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். உரிய செயலியை அதற்கிடையில் மூடிவிட்டால் தருவதற்கு ஆளில்லை. இது பழைய எக்ஸிலும் இருந்த குறைதான், வேலண்டின் மேல் மட்டும் பழி போடக்கூடாது.

எக்ஸில் இப்படி இரண்டு பதிவுகள் தனித்தனியே இருந்தன. ஒன்று நடுப் பொத்தானுக்கு, மற்றது கன்ட்ரோல் சிக்கு. ஒன்று மற்றதை அழிக்காது. இரண்டு துண்டு எழுத்தை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கலாம்.

இது எங்களைப் போன்றவர்களுக்கு ஏன் பெரிய விடயம்? இலங்கையில் தமிழ் ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள் அனேகமாகப் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினி என்பது உள்ளே ஆங்கில எழுத்து, வெளியே தமிழ் உருவம். அதை வட்சப்பிலோ முகநூலிலோ போட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியலாக வரும். ஆகவே பாமினி எழுத்தை எடுத்து, பொங்குதமிழ் போன்ற ஒரு மாற்றியில் போட்டு, யுனிகோட்டாக வந்ததை எடுத்து, மறுபடி லிப்ரே ஒபிஸில் போட வேண்டும். ஒரு தவணைப் பரீட்சை வினாத்தாளில் நாற்பது கேள்வி என்றால் எண்பது தரம் எடுத்துப் போடுகிற வேலை. நடுப் பொத்தான் பழகிய கைக்கு அது பாதி நேர வேலை.

ஆனால் எக்ஸில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அங்கே எல்லாச் செயலிகளும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி. எந்தச் செயலியும் மற்றதன் தெரிவைக் கேட்டு வாங்கலாம், நீங்கள் விசைப்பலகையில் அமத்துவதையும் கவனிக்கலாம். 1980களின் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அது பொருத்தம். கடவுச்சொல்லும் வெளிவராத வினாத்தாளும் இருக்கிற இன்றைய கணினிக்குப் பொருந்தாது.

2008 இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்ற நிரலாளர் வேலண்ட் என்ற புதிய முறைமையைத் தொடங்கினார். பெயர் மறுபடி மசாசூசெட்ஸ்தான், அங்கே உள்ள ஒரு ஊரின் பெயர். 2012 இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. வேலண்டில் செயலிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. எல்லாம் நடுவில் இருக்கும் திரை நிர்வாகி ஊடாகத்தான் போக வேண்டும். நீங்கள் எந்தச் சாளரத்தில் வேலை செய்கிறீர்களோ அதற்கு மட்டுமே எழுத்துக் கையளிக்கப்படும். பின்னால் ஒளிந்து நிற்கிற செயலிக்குக் கிடைக்காது. இந்த மாற்றம் சரியானது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். வேலண்டின் அடிப்படை விதிகளில் கன்ட்ரோல் சி, வி வகைப் பதிவு மட்டும் இருந்தது. நடுப் பொத்தானின் பதிவு சேர்க்கப்படவில்லை. அது எக்ஸ் காலத்துப் பழக்கம், புதியவர்களைக் குழப்பும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அதிலும் ஒரு நியாயம் உண்டு. இன்றைய மவுஸில் நடுப் பொத்தான் என்பது சில்லு. உருட்டும்போது தவறி அமத்துப்பட்டால் எங்கோ தெரிவு செய்த எழுத்து இங்கே வந்து விழும். வினாத்தாளின் நடுவில் விழுந்து, கவனிக்காமல் அச்சுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் முப்பது வருடம் கைக்குப் பழகிய ஒன்றைப் பாவனையாளரிடம் கேட்காமல் விட்டுவிடலாமா? பாவனையாளர்கள் விடவில்லை, கேட்டார்கள். 2016 இல் க்னோம் 3.20 தனக்கென ஒரு வழியில் நடுப் பொத்தான் பேஸ்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018 இல் அதற்கு ஒரு பொது விதிமுறை எழுதப்பட்டது. கேடிஈ பாவித்தவர்கள் 2020 ஒக்டோபரில் பிளாஸ்மா 5.20 வரும்வரை காத்திருந்தார்கள். 2016 நவம்பரிலேயே பெடோரா 25 வேலண்டை இயல்பு நிலையாக்கிவிட்டது. அதாவது வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் ஒவ்வொரு கதவாகப் பூட்டினார்கள்.

இன்றும் ஏன் சில இடத்தில் விழுவதில்லை? எக்ஸுக்காக எழுதப்பட்ட பழைய செயலிகள் வேலண்டுக்குள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலத்தில்தான் ஓடுகின்றன. குரோம் உலாவியும் பல வருடம் அப்படித்தான் ஓடியது. பாலத்தின் இந்தப் பக்கம் தெரிவு செய்ததை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பது திரை நிர்வாகியின் பொறுப்பு. அங்கேதான் தடுமாறுகிறது. மாற்றி குரோமில், வினாத்தாள் லிப்ரே ஒபிஸில் என்றால் எங்கள் ஆசிரியர்கள் நிற்பது சரியாக அந்தப் பாலத்தில். இதற்காகத் திரும்பவும் களவு விண்டோஸ் போடுகிறோம் என்று சொல்கிறவர்களைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.

செய்யக்கூடியது சில உண்டு. மாற்றியைப் பயர்பொக்ஸில் திறந்து பாருங்கள், இப்போதைய பதிப்புகள் நேரடியாக வேலண்டில் ஓடுகின்றன. எழுத்து விழும்வரை மூலச் செயலியை மூடவேண்டாம். மடிக்கணினியில் தட்டிக் கிளிக் செய்யும் வசதியை இயக்கியிருந்தால் மூன்று விரலால் தட்டுவது நடுப் பொத்தானுக்குச் சமம். தவறி விழுவதுதான் தொல்லை என்றால் க்னோம் ட்வீக்ஸ் செயலியில் மவுஸ் பகுதிக்குப் போய் நடுக் கிளிக் பேஸ்ட்டை நிறுத்தலாம். உபுண்டு 24.04 இல் இருப்பவர்கள் உள்நுழையும் திரையில் பற்சக்கரக் குறியை அமத்தி எக்ஸோர்க்கைத் தெரிவு செய்து பழைய முறைமைக்கே போகலாம். 2025 ஒக்டோபரில் வந்த 25.10 இல் அந்தத் தெரிவு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே வேலண்டுக்குப் பழகத்தான் வேண்டும்.

எந்தச் செயலியில் இருந்து எந்தச் செயலிக்கு விழவில்லை, எந்தப் பதிப்பு என்பதைக் கீழே எழுதுங்கள். பாமினி, யுனிகோட் சிக்கல்களை வெளிநாட்டு நிரலாளர் தாமாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. சேர்த்து எடுத்து அவர்களுக்கு அனுப்புவோம்.