மும்பையில் உருவான தமிழ்த் திரை எழுத்து

கணினியிலும் கைப்பேசியிலும் பயனர் கண்ணால் கண்டு விரலால் தொட்டு இயக்கும் பகுதியே இடைமுகம் எனப்படுகிறது. அதன் வரலாறு பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் நிறுவனங்களைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. ஆனால் தமிழ் வாசகரின் திரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு, அதன் முக்கியமான சில கட்டங்கள் மும்பையின் ஜூகூவிலும் பவாயிலும் நிகழ்ந்தன. திரையின் தோற்றத்தில் எந்தப் பாணி வந்தாலும், அது தமிழுக்கு உண்மையாக வந்து சேர்வது அதற்கு முன்பே தமிழ் எழுத்தின் மீது நடந்திருக்க வேண்டிய உழைப்பைப் பொறுத்தது என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அந்த உழைப்புக்கு மும்பை களமானது தற்செயல் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் நிலைகொண்டனர். அலுவலகப் பணிக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியேறி 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். பின்னர் அவர்களின் குடியிருப்புகள் செம்பூருக்கும் பரவின. மாநகராட்சிப் பள்ளிகளில் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் பயிற்று மொழியாக இருந்தது. இந்தியாவின் பெரிய விளம்பர நிறுவனங்களுக்கும் மும்பையே தலைமையிடமாக இருந்ததால், ஒரே விளம்பரத்தைப் பல வரிவடிவங்களில் எழுதித் தரவேண்டிய தேவை இங்குள்ள கலைஞர்களுக்கு அன்றாடம் எழுந்தது.

அத்தகைய கலைஞர்களில் தலையாயவர் ஆர்.கே. ஜோஷி (1936–2008). சர் ஜே.ஜே. நிறுவனத்தில் கலை பயின்று, உல்கா விளம்பர நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றிய இந்த மராத்திய எழுத்தோவியர், 1980களில் பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் ஆசிரியரானார். 1969இல் தொடங்கப்பட்ட அம்மையத்தில் எழுத்தைத் தனித்த வடிவமைப்புப் பொருளாகக் கற்பிக்கும் மரபை வேரூன்றச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1985இல் ஜூகூவில் உருவாகிப் பின்னர் சி-டாக் நிறுவனத்தோடு இணைந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில், கணிப்பொறி அறிஞர்களோடு சேர்ந்து இந்திய எழுத்துகளைத் திரைக்கு ஏற்ப வடிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார்.

1990களில் தமிழ் திரையில் இருந்தும் ஒன்றுபட்டு இருக்கவில்லை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் முறையான குறியாக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டதால், ஒவ்வொரு தமிழ் இணைய இதழையும் படிக்க அதற்குரிய எழுத்துருவை வாசகர் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறியாக்கமாக 1991இல் வெளியான ஒருங்குறி, தமிழுக்கும் இடம் ஒதுக்கியது. எனினும் குறியாக்கம் எண்ணைத் தருமே தவிர வடிவத்தைத் தராது. ‘கொ’ என்னும் எழுத்து நினைவகத்தில் ககரமும் அதைத் தொடரும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இத்தகைய இணைவுகளுக்கான விதிகளை அறிந்த மென்பொருளும் அதற்கேற்ற எழுத்துருவும் ஒவ்வொரு கணினியிலும் இருந்தால்தான் ஒருங்குறி பயன் தரும் என்ற நிலை இருந்தது.

ஜோஷியின் தலைமையில் உருவாகி, விண்டோஸ் 2000 இயங்குதளத்தோடு வெளிவந்த ‘லதா’ எழுத்துருத் தேவையை நிறைவேற்றியது. தேவநாகரிக்கான ‘மங்கள்’ எழுத்துருவும் அதே கையிலிருந்து வந்ததே. அன்றைய திரைகளில் படப்புள்ளிகள் குறைவு. சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தாலோ, ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல்வளைவு ஒன்றோடொன்று மயங்கினாலோ சொல்லே மாறிவிடும். அதனால் கோட்டின் தடிமன் ஏறத்தாழச் சீராகவும் உள்வெளிகள் திறந்தும் அமைந்த லதாவின் வடிவம், அழகைவிடத் தெளிவை முதன்மையாகக் கொண்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்கூட, சிக்கலான வரிவடிவங்களுக்கான வசதியைப் பயனரே அமைப்புப் பகுதிக்குச் சென்று இயக்க வேண்டியிருந்தது. அடுத்த பதிப்பான விஸ்டாவில்தான் அத்தடை நீங்கியது. வலைப்பதிவுகளின் எழுச்சிக் காலத்தில் தமிழில் படித்த பல்லாயிரவர், பெயர் அறியாமலேயே, மும்பையில் வரையப்பட்ட எழுத்தைத்தான் படித்தனர்.

படிப்பதற்கு வழி பிறந்த பின் எழுதுவதே அடுத்த சிக்கலாக எழுந்தது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என விரியும் எழுத்துகளை ஆங்கிலத் தட்டச்சுக்கென அமைந்த விசைகளில் பொருத்துவது எளிதன்று. மலேசியாவில் 1980களிலேயே முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன், கைப்பேசிக்கெனச் செல்லினம் என்னும் செயலியை அளித்திருந்தார். பவாய் ஐ.ஐ.டி.யின் அதே தொழில் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியர் அனிருத்தா ஜோஷியின் குழு வேறொரு வழியில் சென்று, 2013இல் ஸ்வரசக்ரா என்னும் விசைப்பலகையை வெளியிட்டது. அதில் ஒரு மெய்யெழுத்தைத் தொட்டதும், அதன் உயிர்மெய் வடிவங்கள் அதைச் சுற்றி ஒரு சக்கரமாக விரியும். வேண்டியதை நோக்கி விரலை நகர்த்தி எடுத்தால் அவ்வெழுத்து பதிவாகும். பள்ளியில் மனனம் செய்த எழுத்து வரிசையையே விசைப்பலகையின் இலக்கணமாக்கிய இவ்வடிவமைப்பு, பல இந்திய மொழிகளோடு தமிழிலும் கிடைத்தது. மனித–கணினி ஊடாட்டம் குறித்த பன்னாட்டு மாநாடான இன்டராக்ட் 2017இல் இதே வளாகத்தில் கூடியது, பவாய் இத்துறையில் பெற்ற இடத்துக்குச் சான்றாகும்.

இதற்கிடையே திரையின் தோற்றம் உலகெங்கும் மாறிக்கொண்டிருந்தது. 2010இல் ஈதன் மார்கோட் பெயரிட்ட தகவமை வடிவமைப்பு, ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையைப் பரப்பியது. 2013இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7, நிழலும் புடைப்பும் கொண்ட பொத்தான்களை விலக்கி, மெல்லிய எழுத்துகளைக் கொண்ட தட்டையான தோற்றத்தை முன்னிறுத்தியது. 2014இல் கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு, எழுத்தின் அளவையும் தடிமனையும் கொண்டே தலைப்பையும் பொத்தானையும் வேறுபடுத்தக் கற்பித்தது. ஆங்கிலப் பொத்தான்கள் பெரிய எழுத்துகளால் தனித்துத் தெரிந்தன; தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. சாதாரணம், தடித்தது என்னும் இரு நிலைகளே கொண்ட தமிழ் எழுத்துரு இப்பாணிக்குப் போதவில்லை. மேலும் தமிழ்ச் சொற்கள் விகுதிகள் சேர்ந்து நீள்பவை. எழுத்துகள் மேலும் கீழும் வளைவுகள் உடையவை. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானிலும் வரி இடைவெளியிலும் அவை வெட்டுப்பட்டன.

இக்குறையைப் போக்கியதில் மும்பையின் அடுத்த தலைமுறைக்குப் பங்குண்டு. நகரின் இளைய வடிவமைப்பாளர்கள் நடத்தும் ஏக் டைப் நிறுவனம் ‘முக்தா மலர்’, ‘பலூ தம்பி’ ஆகிய தமிழ் எழுத்துருக்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் இவ்வுரிமம் இடமளிக்கிறது. முக்தா மலர் 7 தடிமன்களில் கிடைப்பதால், தலைப்பு, உட்தலைப்பு, குறிப்பு என்ற படிநிலையைத் தமிழிலேயே அமைக்க முடிகிறது. தேவநாகரி, குஜராத்தி, குர்முகி வடிவங்களோடு ஒரே குடும்பமாக வரையப்பட்டதால், பன்மொழிச் செயலியில் தமிழ்ப் பக்கம் ஒட்டுப்போட்டது போல் தோன்றுவதும் தவிர்ந்தது.

எழுத்தின் இயல்புக்கேற்ற வடிவம் என்ற இதே அளவுகோல் இன்றைய போக்குகளுக்கும் பொருந்தும். 2019இல் ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் பரவிய இருண்ட பின்புலத்தில் வெள்ளெழுத்து சற்றே தடித்துத் தோன்றும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வெளிகள் அங்கே அடைபட நேர்வதால் மெல்லிய தடிமன் தேவைப்படுகிறது. ஒரே கோப்பில் தடிமனைத் தொடர்ச்சியாக மாற்றித் தரும் மாறுநிலை எழுத்துருக்கள், 2016இல் அறிவிக்கப்பட்ட தொழில்நுட்பத்தின் வழி இதற்குத் தீர்வு தருகின்றன. பலூ தம்பியின் இரண்டாம் பதிப்பு அவ்வகையைச் சேர்ந்தது. எழுத்தைத் தாண்டிக் குரலும் இடைமுகமாகி வருகிறது. தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றின் மறுகரையிலுள்ள பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து இயங்கும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம், 2016இல் யுபிஐ முறையைத் தொடங்கியது. 2022இல் அறிமுகமான அதன் 123பே, திறன்பேசி இல்லாதவரும் குரல்வழி அழைப்பின் மூலம் பணம் செலுத்த வகைசெய்தது.

ஆர்.கே. ஜோஷி முதல் ஏக் டைப் வரை இந்த மூன்று கட்டங்களிலும், வேறு வரிவடிவத்துக்கென உருவான பாணியை அப்படியே ஏற்காமல், எழுத்தின் இயல்பை முதலில் ஆராய்ந்து அதற்கேற்பக் கருவியைச் செய்தவர்களே தமிழ் வாசகருக்குத் திரையைத் திறந்துவிட்டனர். இன்றும் பல செயலிகள் ஆங்கிலத்தில் முழுமை பெற்ற பின், சொற்களை மட்டும் மாற்றித் தமிழில் வெளிவருகின்றன. முதல் வரைவிலேயே தமிழ்ச் சொல்லின் நீளமும் எழுத்தின் உயரமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். வெளியிடுவதற்கு முன், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவரும் தாராவியின் சிறுவணிகரும் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறாமல் படித்து, எழுதி, பணம் செலுத்த முடிகிறதா என்பதே எந்தப் புதிய பாணிக்கும் தமிழில் உரிய தேர்வாகும்.